கல்லைப் புரட்டுபவர் யார்?

பெரிய வெள்ளி கடந்துவிட்டது. நாளை உயிர்த்தெழுந்த ஞாயிறு. இவ்விரண்டு நாட்களுக்கும் நடுவே இருக்கும் இந்தச் சனிக்கிழமையைப் பற்றி அதிகம் பேசுவார் இல்லை. வெள்ளியன்று நண்பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானித்து, உபவாசம் முடித்து, கஞ்சி குடித்து வீடு திரும்பிய நம்மவர்கள், ஞாயிறு விடியற்கால ஆராதனைக்குப் பிள்ளைகளின் உடுப்பை எடுத்து வைப்பதில் இன்று முனைந்திருப்பார்கள். கத்தோலிக்கத் தேவாலயங்களில் இன்று பகலில் பூசை இல்லை. பலிபீடத்தின் மேல் விரிப்பும் இல்லை. இரவில் புது நெருப்பு மூட்டிப் பாஸ்கா திரியை ஏற்றும் வரையில் இது வெறும் காத்திருப்பின் நாள்.

இந்தச் சனிக்கிழமையைக் குறித்துச் சுவிசேஷங்களும் இரண்டொரு வரிகளில் நிறுத்திக் கொள்கின்றன. கல்லறைக்குக் காவல் போடப்பட்டதை ஒன்று சொல்கிறது. சில பெண்கள் சுகந்த வர்க்கங்களை ஆயத்தம் செய்து வைத்துவிட்டு, ஓய்வுநாள் கட்டளைப்படி ஓய்ந்திருந்ததை இன்னொன்று சொல்கிறது. மறுநாள் இருட்டோடு எழுந்து அதே பெண்கள்தான் கல்லறைக்கு நடந்தார்கள். வழியில் அவர்களுக்கு ஒரே கவலை. கல்லறை வாசலில் பெரிய கல் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறதே, அதைப் புரட்டித் தருபவர் யார் என்பதே அந்தக் கவலை. தங்களால் ஆகாத காரியம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆயினும் கல் தானாக நகரட்டும் என்று அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. கையில் சுகந்தமும் மனத்தில் அந்தக் கேள்வியுமாக நடந்துகொண்டே இருந்தார்கள். பேச்சில் வீரம் காட்டிய சீடர்களோ அன்று மாலையிலும் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேதான் இருந்தார்கள். பெண்கள் வந்து சொன்ன செய்தியை முதலில் அவர்கள் வெறும் பேச்சென்று தள்ளிவிட்டதும் எழுதப்பட்டிருக்கிறது.

விக்ரோலியில் இந்தக் கல், பிரசங்கத்துக்கு எடுத்தாளும் உவமை அல்ல. ரயில் நிலையத்திலிருந்து மேற்கே இறங்கி, லால் பகதூர் சாஸ்திரி சாலையைக் கடந்து பார்க்சைட், சூர்யா நகர் பக்கம் நடப்பவர்கள் அதைக் கண்ணால் காணலாம். குன்றின் சரிவில் ஒன்றன் தலைமேல் ஒன்றாக ஏறி நிற்கும் அறைகள். அவற்றுக்கும் மேலே மண்ணில் பாதி புதைந்து நிற்கும் கரும்பாறைகள். எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பாறை இது. காலப்போக்கில் இதன் மேற்பாகம் உதிர்ந்து மண்ணாகிறது. உதிராத பாகம் உருண்டைக் கல்லாக அந்த மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. வெயில் காலத்தில் பார்த்தால் நூறு வருஷம் அசையாது என்று தோன்றும். மழை நீர் இறங்கி மண் சேறானதும் கல்லுக்குப் பிடிமானம் போய்விடும். அடிவாரத்தை வெட்டி இன்னும் ஓர் அறை போட்டிருந்தாலோ, மேலே உள்ள குடியிருப்பின் சாக்கடைக்குப் போக்கிடம் இல்லாமலிருந்தாலோ அது இன்னும் சீக்கிரமாக நடக்கும்.

2021-ம் ஆண்டில் ஈஸ்டர் ஏப்ரல் 4-ந் தேதி வந்தது. அதிலிருந்து சரியாகப் பதினைந்தாவது வாரத்து ஞாயிறு, ஜூலை 18. முந்தைய இரவு முழுவதும் பெய்த மழை புறநகரில் 200 மில்லிமீட்டருக்கு மேல். பொழுது விடியுமுன் சூர்யா நகர் பஞ்சசீல நகரில் மலைச்சரிவு இடிந்து வீடுகளின் மேல் விழுந்தது. உறக்கத்தில் இருந்த பத்துப் பேர் மாண்டனர். அதே இரவில் செம்பூர் வாஷி நாக்காவை அடுத்த பாரத் நகரில், மலையடிவாரச் சுவர் இடிந்து வீடுகளின் மேல் சாய்ந்து பத்தொன்பது பேர் இறந்தனர். மாநில அரசு ஐந்து லட்சமும் பிரதமர் நிவாரண நிதி இரண்டு லட்சமும் ஒவ்வோர் உயிருக்கும் அறிவித்தன. தலைவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி, பின்னிரவு நேரத்தில், பார்க்சைட் வர்ஷா நகரில் மறுபடியும் மண் சரிந்தது. ஒரே குடும்பத்தில் இருவர் இறந்தனர்; இருவர் காயமடைந்தனர்.

பத்திரிகைகள் இத்தகைய செய்திக்கு என்ன தலைப்புக் கொடுக்கின்றன என்பது வாசகர்களுக்குத் தெரியும். "மண்சரிவில் பத்துப் பேர் பலி" என்றே போடப்படுகிறது. தமிழ்ப் பத்திரிகைகள் அனைத்துக்கும் பழகிப்போன சொல் அது. எழுத்து குறைவு, கட்டத்துக்குள் அடங்கும். ஆனால் இந்தப் பெரிய வாரத்தில் அந்தச் சொல்லைச் சற்று நின்று கவனிக்க வேண்டியிருக்கிறது. பலி என்று அதே சொல்லைத்தான் தேவாலயத்திலும் சொல்கிறோம். சிலுவையில் மாண்டவர் தம் உயிரை ஒருவரும் தம்மிடமிருந்து பறித்துக் கொள்ளவில்லை, தாமே கொடுக்கிறார் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததாக யோவான் எழுதுகிறார். கிறிஸ்தவர்கள் அந்த மரணத்தைத் தியாகம் என்று கொண்டாடுவதற்கு இதுவே ஆதாரம். பஞ்சசீல நகரில் படுத்துறங்கியவர்கள் எதையும் கொடுக்க முன்வரவில்லை. அவர்களைக் கேட்டவரும் இல்லை. விடிந்ததும் வேலைக்குப் போக வேண்டும் என்ற நினைப்பைத் தவிர வேறொன்றும் அவர்கள் நெஞ்சில் இருந்திருக்க நியாயமில்லை. அவர்களிடமிருந்து உயிர் எடுக்கப்பட்டது. அதைத் தியாகம் என்று புகழ்ந்துரைப்பது மாண்டவர்களுக்கு மரியாதை ஆகாது. எடுத்தவன் மழை என்று முடித்துவிடுவதும் நேர்மை ஆகாது.

இப்படி ஓர் இடத்தில் ஏன் குடியிருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் நம்மவர்களிலேயே உண்டு. ரயில்வே குவார்ட்டர்ஸிலோ சொசைட்டிக் கட்டடத்திலோ இடம் கிடைத்துவிட்ட பிறகு அந்தக் கேள்வி சுலபமாக வாயில் வருகிறது. விக்ரோலி தொழிற்சாலையால் எழுந்த ஊர். 1951-52-ல் நாட்டின் முதல் பொதுத் தேர்தலுக்கு வேண்டிய வாக்குப் பெட்டிகளில் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் இங்குள்ள கோத்ரெஜ் ஆலையில்தான் செய்யப்பட்டன. ஆலை வந்த இடத்துக்கு ஆள் வந்தார்கள். ஆளுக்கு வீடு வரவில்லை. சமவெளி ஆலைக்கும் சாலைக்கும் கட்டடத்துக்கும் போயிற்று. மிச்சம் இருந்தது மலை. திருநெல்வேலியிலிருந்தோ சதாராவிலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ பெட்டியோடு வந்து இறங்கியவனுக்கு, ஷிப்டுக்கு நடந்து போகும் தூரத்தில் கைக்கு எட்டிய வாடகையில் கிடைத்தது அந்தச் சரிவு ஒன்றே. பிள்ளையின் பள்ளிக்கூடமும் ரேஷன் கார்டும் வாக்காளர் பட்டியலும் பிறகு அந்த விலாசத்தைப் பற்றிக்கொண்டன. விலாசத்தை விட்டால் குடிசை மாற்றுத் திட்டத்தில் உரிமை போய்விடும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. 2000-ம் ஆண்டு ஜனவரி 1-க்கு முந்தைய ஆதாரம் இருந்தால் இலவச வீடு, 2011 ஜனவரி 1-க்கு முந்தையது இருந்தால் பணம் கட்டி வீடு என்ற கணக்கில், ஒரு பழைய மின்சார பில்லுக்காக உயிரைப் பணயம் வைத்துக் காவல் இருப்பவர்கள் பலர்.

வேறிடம் தந்தாலும் போகமாட்டார்கள் என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. அதில் பாதி உண்மை. தண்ணீர்க் குழாய்ப் பாதையோரம் இருந்த குடும்பங்களைச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே உள்ள மாகுலுக்குக் கொண்டுபோய்க் குடியேற்றி, அங்கு மூச்சு முட்டி நோயில் விழுந்த கதை மும்பை முழுவதும் தெரிந்ததுதான். 2019-ல் உயர் நீதிமன்றமே தலையிட வேண்டி வந்தது. அந்த அனுபவத்தைப் பார்த்த பிறகு ஒருவன் தயங்கினால், அவனை மூடன் என்று சொல்லிவிட முடியாது.

இனி கணக்கைப் பார்ப்போம். தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டுப் பெறப்பட்டு 2021-ல் பத்திரிகைகளில் வந்த விவரம் இது. மும்பையில் 327 இடங்களில் மலைச்சரிவுகளில் உள்ள குடிசைகள் 22,483. அவற்றுள் 9,657 குடிசைகளை முன்னுரிமை கொடுத்து வேறிடம் மாற்ற வேண்டும் என்று குடிசைப் பகுதி மேம்பாட்டு வாரியம் 2010-லேயே சிபாரிசு செய்தது. 1992 முதல் 2021 வரை மண்சரிவில் மாண்டவர்கள் 290 பேர். இந்த எண்ணிக்கைக்குள் 2000-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி காட்கோபர் ஆசாத் நகரில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் புதைந்ததும், 2005 ஜூலை 26-ந் தேதி பெருமழையில் சாக்கிநாக்காவில் மலை இறங்கியதும் அடக்கம். அறிக்கைக்கும் பஞ்சசீல நகருக்கும் இடையே பதினொரு மழைக்காலங்கள் வந்து போயின.

ஊருக்குப் போக நாகர்கோவில் எக்ஸ்பிரசில் டிக்கெட் எடுப்பவனுக்குக் காத்திருப்போர் பட்டியல் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் ஒவ்வொருவனுக்கும் ஓர் எண் உண்டு. எண் குறைந்துகொண்டு வருவதை அவன் பார்க்கலாம். வண்டி புறப்படுமுன் சார்ட் தயாராகும். இடம் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். இல்லையென்றால் பணம் திரும்பக் கிடைக்கும். ஒரு ரயில் பயணத்துக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்கிறது. 9,657 குடும்பங்களின் பட்டியலில் தன் எண் எது, அந்த எண் நகர்ந்ததா, சார்ட் என்றைக்கு என்று பார்க்சைட்டில் ஒருவரும் அறியார். தன் வீடு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதையே அறியாதவர்கள் எத்தனையோ பேர். எண் இல்லாத பட்டியலில் நிற்பவனைக் காத்திருப்பவன் என்று எப்படிச் சொல்வது?

ஜூன் மாதம் பிறந்ததும் வார்டு அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வரும். சரிவில் இருப்பவர்கள் பாதுகாப்பான இடத்துக்குச் சென்றுவிட வேண்டும், தவறினால் நேரும் சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்ற வகையில் அது இருக்கும். எங்கே செல்வது என்ற விவரம் பெரும்பாலும் அதில் இராது. கேட்கப் போனால், நிலம் கலெக்டருடையது என்று மாநகராட்சி சொல்லும். சுவர் கட்டுவது வீட்டு வசதித் துறையின் வேலை என்று கலெக்டர் அலுவலகம் சொல்லும். மேலே உள்ளது வனத்துறை எல்லை என்று மூன்றாவது இடத்தில் சொல்வார்கள். பெரிய வெள்ளி வரலாற்றிலும் இதுவே நடந்தது. பிடித்துக்கொண்டு வரப்பட்டவர் கலிலேயாக்காரர் என்று அறிந்த உடனே, அது ஏரோதின் அதிகார எல்லை என்று பிலாத்து அவரை அங்கே அனுப்பி வைத்தான். ஏரோது விசாரித்துவிட்டுத் திருப்பி அனுப்பினான். அதுவரை பகைவர்களாயிருந்த அவ்விருவரும் அன்றுதான் சிநேகிதர்கள் ஆனார்களாம். கடைசியில் கை கழுவத் தண்ணீர் வந்தது. ஜூன் மாத அறிவிப்பும் ஏறக்குறைய அந்தத் தண்ணீர்தான்.

மக்களின் பிரதிநிதியைக் கேட்கலாம் என்றால், 2022 மார்ச்சில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் தேர்தலே நடவாமல் நகரம் நிர்வாகியின் கையில் இருந்தது. வாக்குப் பெட்டி செய்து கொடுத்த ஊருக்கு இது ஒரு வேடிக்கைதான்.

காத்திரு, விசுவாசத்தோடு பொறுத்திரு என்று பிரசங்கத்தில் சொல்லும்போது, மலைமேல் இருப்பவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதைப் போதகர்களும் குருமார்களும் யோசிக்க வேண்டும். வாடகைக்காரன் இரவில் பாறையைப் பார்த்து ஜெபித்துவிட்டுப் படுப்பது விசுவாசமே. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஜெபத்தைக் காட்டி, அவன் திருப்தியாக இருக்கிறான் என்று மற்றவர்கள் முடிவு கட்டுவது தவறு. வேதத்தில் காத்திருந்தவர்கள் யாரும் கைகட்டி இருக்கவில்லை. பெண்கள் சுகந்தம் தயாரித்தார்கள். மேல்வீட்டு அறையில் பத்து நாட்கள் ஆவிக்காகக் காத்திருந்த சீடர்கள், அந்த இடைவெளியில் கூட்டம் கூடி, யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்து, கணக்கைப் பன்னிரண்டாக்கினார்கள். எல்லாரையும் விட அரிமத்தியா ஊர் யோசேப்பைச் சொல்ல வேண்டும். ஆலோசனைச் சங்கத்தில் உறுப்பினர். அவர்கள் செய்த முடிவுக்கு இசையாதவர். தேவனுடைய ராஜ்யத்துக்காகக் காத்திருந்தவர் என்று அவரைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது. காத்திருந்த அந்த மனிதர் செய்த காரியம் என்ன? துணிந்து கவர்னர் மாளிகைக்குப் போய், உடலைக் கொடுங்கள் என்று மனுச் செய்தார். நாற்காலியில் இருப்பவனை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டு வாங்கி வந்தார். மனு எழுதியே வயிறு வளர்க்கும் குமாஸ்தாக்கள் அதிகம் உள்ள நம் சமூகத்தில் இவரைக் குறித்து ஒரு பிரசங்கமாவது அடிக்கடி கேட்கக் கூடாதா?

ஈஸ்டர் விழும் நாளுக்கு இந்த விஷயத்தில் ஒரு பயன் இருக்கிறது. மார்ச் 21-ந் தேதியை ஒட்டி வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்ற கணக்கினால், அது மார்ச் 22-க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25-க்குப் பின்னும் போகாது. மும்பையில் பருவமழை தொடங்கும் நாள் என்று வானிலை இலாகா இப்போது வைத்திருப்பது ஜூன் 11. ஆகவே எந்த ஆண்டிலும் ஈஸ்டருக்கும் மழைக்கும் இடையே குறைந்தது 47 நாட்கள், அதிகம் போனால் 81 நாட்கள். தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டிக் கேட்கும் கேள்விக்கு முப்பது நாட்களில் பதில் வர வேண்டும். உயிரைப் பற்றிய தகவலானால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. பண்டிகை முடிந்த வாரத்தில் மனுப் போட்டால் முதல் மழைக்கு முன்பே எழுத்தில் பதில் கைக்கு வந்துவிடும். எங்கள் சரிவு பட்டியலில் உள்ளதா? நிலம் எந்த இலாகாவைச் சேர்ந்தது? சுவர் எப்போது பரிசோதிக்கப்பட்டது, அதில் நீர் வடியத் துவாரங்கள் உண்டா? சிவப்பு எச்சரிக்கை இரவில் எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கும், சாவி யாரிடம்? இந்த நான்கைந்து கேள்விகளுக்கு மேல் வேண்டியதில்லை. மராத்தியில் எழுதினால் நல்லது. சூர்யா நகர்க்காரனுக்கு அது வராது; மாட்டுங்காவிலும் முலுண்டிலும் இருந்து ஆபீசுக்குப் போகும் தமிழ் குமாஸ்தாவுக்கு வரும். ஒரு ஞாயிறு மாலையை அவர் கொடுத்தால் போதும்.

கொடுப்பது என்று வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நாற்பது நாட்கள் மாமிசம் விட்டவர்கள், பூ வைக்காதவர்கள், சினிமா பார்க்காதவர்கள் நம்மிடையே ஏராளம். அந்த நோன்பை யாரும் இகழ வேண்டாம். ஆனால் ஜூலை மாதத்தில் வானம் கிழிந்து ஊற்றும் ஓர் இரவில், மலைமேல் இருக்கும் ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டு, கீழே நம் ஒற்றை அறையில் பாய் விரித்துப் படுக்க வைப்பது எத்தனை பேரால் ஆகிறது? குழந்தை அழும், கக்கூசுக்கு வரிசை நிற்கும், சொசைட்டிச் செயலாளர் முகம் சுளிப்பார். தேவாலய மண்டபங்களும் தமிழ்ச் சங்கக் கட்டடங்களும் கோயில் மண்டபங்களும் கல்யாணத்துக்குத் திறப்பது போல அந்த இரவுகளில் திறந்திருந்தால், அறிவிப்பை மட்டும் அனுப்பும் அதிகாரிக்குக்கூட நாணம் வரும். மண் சரிவதற்கு ஜாதி மதம் கிடையாது. பஞ்சசீல நகரில் இடிபாட்டை முதலில் கையால் தோண்டியவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். தீயணைப்புப் படையினர் அந்தக் குறுகிய சந்துகளில் ஏறி வருவதற்கு நேரம் பிடித்தது. அயலார் என்ன மதம் என்று அந்த இருட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சரிவில் இருப்பவர்கள் தாங்களே கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. சுவரில் புதிதாக வெடிப்பு, திறந்து மூடிய கதவு திடீரென்று சிக்குவது, சாய்ந்துகொண்டே வரும் மரம் அல்லது மின்கம்பம், தெளிந்து வடிந்த நீர் கலங்கிச் சேறாக வருவது ஆகிய இவற்றில் ஒன்றைக் கண்டாலும் சாமானைப் பார்க்காமல் பிள்ளைகளோடு வெளியேறிவிட வேண்டும். மாநகராட்சியின் ஆபத்துதவி எண் 1916. ரேஷன் கார்டு, ஆதார், மின்சார பில் ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வாசற்பக்கம் வைத்துக்கொண்டால், விலாசம் போய்விடுமோ என்ற பயத்தில் உள்ளே தங்க வேண்டியிராது. இவற்றை ஈஸ்டர் ஆராதனை முடிந்து ஜனங்கள் கலையுமுன் இரண்டு நிமிஷம் அறிவிப்பாகச் சொல்வதால் ஆராதனையின் புனிதம் கெட்டுவிடாது.

நாளை ஞாயிறு. வார்டு அலுவலகம் திங்கட்கிழமை காலையில் திறக்கிறது. மனுவை இரண்டு பிரதிகளாக எடுத்துச் செல்ல வேண்டும். ஒன்றில் வரவு எண்ணும் தேதியும் போட்டு முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளாமல் கவுண்டரை விட்டு நகரக் கூடாது.